மண்புழு உரமும் கம்போஸ்ட் டீயும் மட்டும் போதுமா? மாடித்தோட்டக்காரருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: மாடியில் இருபது பைகளில் தக்காளி, கத்தரி, வெண்டை, கொஞ்சம் கீரை. தென்னை நார்க் கழிவில் கொஞ்சம் செம்மண் கலந்து, பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டிருக்கிறீர்கள். வாரம் தவறாமல் கம்போஸ்ட் டீ, அதாவது மட்கிய உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டிய நீர், ஊற்றுகிறீர்கள். முதல் மாதம் தளதளவென்று வந்த செடிகள், பூக்கிற நேரத்தில் அடியிலைகள் மஞ்சளாகி அப்படியே நின்றுவிட்டன. டீயை இன்னும் கெட்டியாகக் கொடுக்கலாமா, மண்புழுத் தொட்டியின் அடியில் வடிகிற பழுப்புத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றலாமா, ரசாயன உரத்தைத் தொடாமல் கரையேற வழி உண்டா?

வழி உண்டு. ஆனால் டீயைக் கெட்டியாக்குவது அந்த வழி இல்லை. அடியிலை முதலில் வெளுத்து, மஞ்சள் மெல்ல மேலே ஏறினால் அது பெரும்பாலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பற்றாக்குறை. செடி பழைய இலையிலிருந்து நைட்ரஜனை உருவிப் புதுத் தளிருக்கு அனுப்புகிறது. அதாவது உங்கள் செடிக்குப் பசி. கம்போஸ்ட் டீ ரசம் மாதிரி. சாப்பாட்டோடு சேர்ந்தால் நல்லது, அதை மட்டுமே குடித்து யாரும் வயிறு நிரப்ப முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். நல்ல மண்புழு உரத்தில் தழைச்சத்து 1 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். நம் நாட்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையே குறைந்தது 1 சதவீதம் இருந்தால் போதும் என்கிறது. இரண்டு கைப்பிடி என்றால் ஏறக்குறைய 150 கிராம். அதில் இருக்கிற மொத்தத் தழைச்சத்து ஒன்றரை முதல் மூன்று கிராம்தான். தக்காளியோ ஒரு கிலோ பழத்துக்கு இரண்டரை முதல் மூன்று கிராம் நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு செடியில் மூன்று கிலோ பறிக்க ஆசைப்பட்டால் எட்டு, ஒன்பது கிராம் வேண்டும். உரத்திலுள்ள அந்தக் கொஞ்சமும் உடனே கையில் கிடைக்கிற காசு இல்லை. பெரும்பகுதி கரிமப் பொருளுக்குள் கட்டுண்டு கிடக்கும். நுண்ணுயிர்கள் சிதைக்கச் சிதைக்கத்தான் வெளியே வரும். ஒரு பருவத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே சந்தோஷப்பட வேண்டும்.

இப்போது டீக்கு வருவோம். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ உரம் என்ற வழக்கமான அளவில் போட்டால், ஒரு லிட்டர் டீக்குப் பின்னால் இருப்பது 100 கிராம் உரம். அதிலுள்ள மொத்தத் தழைச்சத்தே ஒன்று, இரண்டு கிராம்தான். அதில் தண்ணீரில் இறங்குவது சிறு பங்கு. மீதி வடிகட்டிய சக்கையோடு போய்விடுகிறது. இரண்டு மடங்கு கெட்டியாக்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அந்தச் சக்கையைப் பையில் போட்டாலே டீயைவிட அதிகச் சத்து சேரும். தயவுசெய்து அதைக் குப்பையில் கொட்டாதீர்கள்.

உங்கள் பையில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. மாடித்தோட்டம் என்றாலே எல்லோரும் தென்னை நார்க் கழிவில் ஆரம்பிக்கிறார்கள். தோட்டக்கலைத் துறை கொடுக்கிற மாடித்தோட்டத் தொகுப்பிலும் அந்தக் கட்டிகள்தான் வருகின்றன. எடை குறைவு, தண்ணீரைப் பிடித்து வைக்கும், தளத்துக்குப் பாரம் இல்லை. எல்லாம் சரி. ஆனால் மட்காத நார்க் கழிவில் கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் நூற்றுக்கு ஒன்றையும் தாண்டும். அதைச் சிதைக்க வருகிற நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் தேவை. அவை எங்கே போகும்? நீங்கள் போட்ட இரண்டு கைப்பிடி உரத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். செடிக்குப் போட்டதை நார் தின்றுவிடுகிறது. முதல் மாதம் நன்றாக வந்ததற்குக் காரணம் நாற்று தன்னோடு கொண்டுவந்த சேமிப்பும் அந்தக் கொஞ்ச உரமும். பூக்கும்போது தேவை எகிறுகிறது, கையிருப்பு காலி.

அதனால் மண்புழு உரத்தைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கணக்கில் மாடித்தோட்டத்துக்கு அதைவிட நல்ல அடியுரம் இல்லை. நீங்கள் போட்ட அளவுதான் பிரச்சினை. புழுவின் குடலுக்குள் போய் வரும் பொருளில் சளியும் நுண்ணுயிரும் கலந்து, சிறு சிறு உருண்டைகளாக வெளியே வருகிறது. அந்த உருண்டைகள் நீரைப் பிடித்து வைக்கும், ஆனால் காற்றோட்டத்தை அடைக்காது. அதில் உடனே கிடைக்கிற கொஞ்சத் தழைச்சத்தில் கணிசமான பங்கு அம்மோனியாவாக இல்லாமல் நைட்ரேட் வடிவில் இருப்பதால், பச்சைச் சாணம்போல வேரைச் சுடாது. மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைக்கும் நொதிகளும், மட்கும்போது உருவாகும் ஹியூமிக் அமிலங்களும் உண்டு. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வர்ட்ஸ், நார்மன் அரங்கோன் முதலானோர் பல ஆண்டுகள் தொட்டிச் செடிகளில் சோதித்தார்கள். மற்ற சத்துகளைத் தேவையான அளவு கொடுத்த பிறகும், கலவையில் மண்புழு உரம் சேர்ந்த தொட்டிகளில் வளர்ச்சி கூடியது. ஆகவே சத்தைத் தாண்டியும் அதில் ஏதோ வேலை நடக்கிறது. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள்: கொள்ளளவில் 10 முதல் 40 சதவீதம் வரை கலந்தால்தான் பலன் நன்றாக இருந்தது. அதற்கு மேல் போனால் வளர்ச்சி கூடவில்லை, சில சமயம் குறைந்தது. உப்பு கூடுவதும் காற்றோட்டம் குறைவதும் அதற்குக் காரணமாகலாம்.

நம் ஊருக்கு நான் சொல்வது ஐந்தில் ஒரு பங்கு. பன்னிரண்டு அங்குல அகலமும் உயரமும் உள்ள பை சுமார் 20 லிட்டர் பிடிக்கும். அதில் நான்கு லிட்டர் மண்புழு உரம், அதாவது மூன்று கிலோ. இரண்டு கைப்பிடி எங்கே, மூன்று கிலோ எங்கே! இருபது பைக்கு அறுபது கிலோ ஆகும். விலைக்கு வாங்கினால் கை கடிக்கும். அதனால்தான் வீட்டிலேயே ஒரு தொட்டி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பாதி மண்புழு உரம், பாதி நன்றாக மட்கிய தொழு உரம் என்று கலந்தாலும் குறைவில்லை. மீதிக்குச் செம்மண் ஒரு பங்கு, கழுவி ஊறவைத்த நார்க் கழிவு இரண்டு பங்கு. கூடவே பைக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. அது சத்தும் தரும், வேரைத் தாக்கும் நூற்புழுவையும் ஓரளவு அடக்கும்.

கடையில் வாங்கும்போது ஏமாறாதீர்கள். பாக்கெட்டில் மண்புழு உரம் என்று எழுதி விற்பதில் சில, சலித்த மண்ணும் நார்த் தூளும் கரும்பாலைக் கழிவும் கலந்த சரக்கு. ஒரு கண்ணாடி டம்ளரில் ஒரு பிடி போட்டுக் கலக்கி வையுங்கள். அடியில் மணல் தடிமனாகத் தங்கினால் மண்ணுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். மேலே நார் மிதந்தால் அதுவும் அப்படித்தான். நல்ல உரம் தேயிலைத் தூள்போலக் குருணையாக, முதல் மழை வாசனையோடு இருக்கும். சாண நாற்றமோ மூக்கைக் குத்தும் அமோனியா நெடியோ அடித்தால் இன்னும் மட்கவில்லை என்று பொருள். சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னக் கிண்ணத்தில் அதைப் போட்டு வெந்தயம் விதைத்துப் பாருங்கள். மூன்று, நான்கு நாளில் ஒழுங்காக முளைத்து வேர் வெள்ளையாக ஓடினால் நம்பிப் போடலாம். உரத்திலிருந்து தானாகத் தக்காளி நாற்றும் பூசணியும் முளைத்து வந்தால் பயப்பட வேண்டாம். மண்புழுப் படுக்கை சூடேறாது என்பதால் விதைகள் சாவதில்லை. சூடேறி மட்கும் குவியல் உரத்தில் 55 டிகிரிக்கு மேல் போகும். அங்கேதான் விதையும் நோய்க்கிருமியும் சாகும். இந்த வித்தியாசம் கீழே மறுபடி வரும்.

சரி, டீயால் பயனே இல்லையா? அப்படியில்லை. அதன் வேலை வேறு. உரத்திலுள்ள நுண்ணுயிர்களையும் கரையக்கூடிய ஹியூமிக் பொருள்களையும் வேர்ப்பகுதிக்குக் கொண்டு சேர்ப்பதுதான் அது. நாற்று மாற்றி நட்ட சமயத்திலும், புதிய நார்க் கலவையில் உயிரே இல்லாத நிலையிலும் ஊற்றினால் வித்தியாசம் தெரியும். நாற்றழுகலைக் கட்டுப்படுத்துவதாகச் சில ஆய்வுகள் காட்டின. ஆனால் முடிவுகள் உரத்துக்கு உரம், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறின. சாம்பல் நோய்க்கும் இலைப்புள்ளிக்கும் இதுவே மருந்து என்று விற்பவர்களை நான் நம்புவதில்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா சால்கர்-ஸ்காட் இந்த மிகைப் பேச்சைத் தொடர்ந்து கேள்வி கேட்டு வருபவர். அமெரிக்க மண் நுண்ணுயிரியலாளர் எலைன் இங்ஹாம், பம்பு வைத்துக் காற்றூட்டிய டீயை உலகமெங்கும் பரப்பியவர். இருவரில் என் தராசு முதலாமவர் பக்கம் சாய்கிறது. மண்ணில் உரம் போதுமான அளவு இருந்தால் நுண்ணுயிர் தானாகவே இருக்கும், தனியாகக் காய்ச்சி ஊற்ற வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை.

செய்வதானால் இரண்டு விதம் உண்டு. ஒன்று, பம்பு வைத்துக் காற்றூட்டுவது. இருபது லிட்டர் வாளியில் பத்து லிட்டர் தண்ணீர். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் இருக்கும். முந்தைய நாளே திறந்து வைத்துவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது டீக்கு ஆகாது. ஆர்.ஓ. கழிவு நீரை எடுக்கவே வேண்டாம், உப்பெல்லாம் சேர்ந்து நிற்பது அதில்தான். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் ராஜபோகம். ஒரு கிலோ உரத்தைப் பழைய வேட்டித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டு, மீன் தொட்டிக்குப் போடும் காற்று பம்பின் கல்லை அடியில் வையுங்கள். தண்ணீர் கொப்புளித்துக்கொண்டே இருக்க வேண்டும், லேசாகக் குமிழி வந்தால் போதாது.

எத்தனை மணி நேரம் என்பதில்தான் நம் ஊருக்கும் குளிர்நாட்டுக்கும் வேறுபாடு. அங்கே 24 முதல் 36 மணி நேரம் என்று எழுதுவார்கள். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பம் ஏற ஏற நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகி இன்னும் அதிக ஆக்சிஜனைக் கேட்கும். வரவு குறைவு, செலவு அதிகம். ஆகவே சென்னை, மதுரை வெயிலில் நிழலில் வைத்து 12 மணி நேரம் போதும். மாலையில் ஆரம்பித்துக் காலையில் ஊற்றுவது வசதி. கரண்ட் போய்ப் பம்பு இரண்டு மணி நேரம் நின்றிருந்தால் முகர்ந்து பாருங்கள். மண் வாசனை இருந்தால் ஊற்றலாம். சாக்கடை வாடை அடித்தால் காய்க்கும் செடிக்கு வேண்டாம், குப்பைக் குவியலில் கொட்டிவிடுங்கள். எடுத்தபின் நாலைந்து மணி நேரத்துக்குள் ஊற்றி முடித்துவிட வேண்டும். பாட்டிலில் அடைத்து வைத்து அடுத்த வாரம் ஊற்றுவது கதைக்கு ஆகாது. அதனால்தான் கடையில் மூடி போட்டு விற்கிற கம்போஸ்ட் டீயை நான் வாங்கச் சொல்வதில்லை. வாளியையும் கல்லையும் அன்றே தேய்த்துக் கழுவுங்கள். வழவழவென்று படியும் படலத்தில்தான் வேண்டாத கிருமிகள் குடியிருக்கும்.

இரண்டாவது விதம் எனக்குப் பிடித்தது. பூவாளியில் ஒரு பிடி உரத்தைப் போட்டு, குச்சியால் ஐந்து நிமிடம் நன்றாகக் கலக்கி, சக்கையோடு அப்படியே வேரடியில் ஊற்றுவது. நுண்ணுயிரைப் பெருக்குவதில்லைதான், ஆனால் உரத்தில் இருப்பவை போய்ச் சேர்கின்றன, பம்பும் வேண்டாம், கெட்டுப்போகும் பயமும் இல்லை. இருபது பைக்கு இது தாராளம்.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை சேர்ப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் தேசிய இயற்கை வேளாண் தர வாரியம் அமைத்த கம்போஸ்ட் டீ குழு 2004இல் கொடுத்த அறிக்கையில் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். சர்க்கரை போன்ற தீனியைச் சேர்த்துப் பெருக்கினால், உரத்தில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா கொஞ்சம் இருந்தாலும் அதுவும் கூடவே பெருகிவிடும். நம் மண்புழு உரம் பெரும்பாலும் மாட்டுச் சாணத்தில் செய்தது, மேலே சொன்னபடி சூடேறாதது. புழுக்கள் கிருமிகளைக் குறைக்கும் என்பது உண்மை, முழுக்கத் துடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆகையால் வெல்லம் வேண்டாம். கொத்தமல்லி, புதினா, வெங்காயத் தாள் மாதிரி பச்சையாகச் சாப்பிடுகிறவற்றின் இலை மேல் தெளிக்கவும் வேண்டாம், வேரில் ஊற்றுங்கள். வேகவைக்கிற கத்தரி, வெண்டைக்கு இந்தப் பயம் அவ்வளவு இல்லை.

பஞ்சகவ்யாவுக்கும் வெல்லம் போடுகிறோமே என்பீர்கள். அது நாள்கணக்கில் புளிக்க வைத்து, 3 சதவீதமாக நீர்த்துத் தெளிக்கிற வேறு சரக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அடுத்து உங்கள் தொட்டியில் வடியும் பழுப்புத் தண்ணீர். இதை டீ என்றும் வெர்மிவாஷ் என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். மூன்றும் வேறு வேறு. தொட்டியடியில் தானாக வடிவது, பாதி மட்கிய காய்கறிக் கழிவின் சாறு. காற்றில்லாமல் புளித்திருக்கும், உப்பும் கூடுதல். அது அதிகமாக வடிகிறது என்றாலே தொட்டியில் ஈரம் எக்கச்சக்கம் என்று அர்த்தம். கிழித்த அட்டைப் பெட்டியோ காய்ந்த இலையோ சேர்த்து ஈரத்தைக் குறையுங்கள். கையில் பிடித்து இறுக்கினால் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். வடிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து குரோட்டன்ஸ், செம்பருத்தி மாதிரிச் செடிகளுக்கு ஊற்றலாம். காய்கறிக்கு வேண்டாம்.

வெர்மிவாஷ் என்பது அதற்கென்றே அமைக்கும் ஏற்பாடு. சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்த மண் உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் இதைத் தமிழ்நாட்டில் பரவலாக்கியவர். அடியில் குழாய் வைத்த டிரம்மில் உடைத்த செங்கல் அல்லது கூழாங்கல், அதன் மேல் மணல், அதன் மேல் மண். அந்த மண்ணில் நம் ஊர்ப் புழுக்களை விட்டு, மேலே சாண உருண்டையும் வைக்கோலும் பரப்புவார்கள். மேலே தொங்கும் பானையிலிருந்து இரவெல்லாம் தண்ணீர் சொட்டும். காலையில் குழாயைத் திறந்தால் தெளிந்த தேன் நிறத்தில் நீர் இறங்கும். மண்ணும் மணலும் வடிகட்டிவிடுவதால் நாற்றமே இருக்காது. பத்து மடங்கு நீர்த்து இலையில் தெளிக்கலாம். டீயா வெர்மிவாஷா என்று கேட்டால், இடம் இருப்பவர்கள் இதைச் செய்யுங்கள் என்பேன். ஒருமுறை அமைத்தால் மாதக்கணக்கில் ஓடும்.

புழுக்களை நேராகப் பையில் விட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். தொட்டியில் நாம் வளர்க்கும் ஆப்பிரிக்கப் புழுவும் சிவப்புப் புழுவும் மேல்மட்டக் குப்பை தின்பவை, மண்ணைத் துளைத்து வாழ்பவை அல்ல. டார்வின் 1881இல் எழுதிய புத்தகத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன் மண்ணை உழுது தள்ளுகின்றன என்று சொன்ன இங்கிலாந்து வயல் புழுக்கள் வேறு சாதி. குப்பை தீர்ந்தால் இவை பட்டினி. போதாததற்குக் கத்திரி வெயிலில் மொட்டைமாடிக் கறுப்புப் பை கொதிக்கும். 35 டிகிரியைத் தாண்டினாலே இவை தவிக்கும். தொட்டியை நிழலில், ஈரச் சாக்கு மூடி வைத்து, உரத்தை மட்டும் மாடிக்குக் கொண்டு போங்கள்.

இப்போது மஞ்சளாகி நிற்கும் செடிகளுக்கு என்ன செய்வது? மேல் மண்ணை வேர் அறுபடாமல் இரண்டு அங்குலம் கிளறி, பைக்கு அரைக் கிலோ மண்புழு உரம் பரப்பி, காய்ந்த இலை மூடாக்குப் போடுங்கள். அது மெல்லத்தான் வேலை செய்யும். உடனடிப் பசிக்குக் கடலைப் புண்ணாக்கு. அதில் தழைச்சத்து சுமார் 7 சதவீதம், அதாவது மண்புழு உரத்தைப்போல நாலைந்து மடங்கு. பைக்கு 30 கிராம் கணக்கில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வேரடியில் ஊற்றினால் 2 கிராம் நைட்ரஜன் போய்ச் சேரும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை போதும். நாற்றம் அடிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். ஊற்றியதும் மேலே கொஞ்சம் மண் தூவினால் அடங்கும். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, புதுத் தளிரின் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் தளிர் கரும்பச்சையாக வர ஆரம்பிக்கும்.

ஒருவேளை அடியிலை பச்சையாக இருந்து, தளிர் மட்டும் வெளுத்து நரம்புகள் பச்சையாகத் தெரிந்தால் கதை வேறு. அது இரும்புச்சத்து எட்டாத நிலை. போர் தண்ணீரின் காரத்தன்மையால் வருவது. அதற்குப் புண்ணாக்கை அள்ளிப் போட்டுப் பயனில்லை. தண்ணீரை மாற்றுங்கள், மண்புழு உரத்தைக் கூட்டுங்கள், அடுப்புச் சாம்பல் போடும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். சாம்பல் காரத்தை இன்னும் ஏற்றிவிடும்.

அடுத்த பருவத்தில் அதே கலவையைக் கொட்டிவிட வேண்டாம். பழைய வேரை எடுத்துவிட்டு, பைக்கு ஒன்றரைக் கிலோ மண்புழு உரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து, ஈரமாக்கிப் பத்து நாள் நிழலில் விட்டு நடுங்கள். இதற்குள் நார் ஓரளவு மட்கியிருப்பதால் தழைச்சத்தைப் பிடுங்கும் வேகமும் குறைந்திருக்கும். முதல் போகத்தில் தக்காளி வைத்த பையில் இரண்டாம் போகம் மறுபடி தக்காளியோ கத்தரியோ வைக்காமல் அவரை, காராமணி என்று மாற்றுங்கள். அவற்றுக்குத் தழைச்சத்துக் கேட்பு குறைவு, மண்புழு உரம் மட்டுமே அங்கே போதும்.